‘மனிதர் கால்படாத’ சாகோஸ்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாகோஸ் தீவுக்கூட்டத்தின் கடல்வளம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அத்தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான டியாகோ கார்சியாவின் பெயர் நம் நாளிதழ்களில் அமெரிக்கப் போர் விமானங்களோடோ, 2021 அக்டோபரில் படகில் அங்கு போய்ச் சேர்ந்து மூன்றாண்டுகளுக்கு மேல் தவித்த ஈழத்தமிழ் அகதிகளோடோ சேர்ந்துதான் இதுவரை வந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கடலுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்காக முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டுரையில் மூன்று இடங்களில் வரும் ‘மனிதர் கால்படாத’ என்ற அடைமொழியை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அந்தத் தீவுகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மனிதர்கள் வாழ்ந்தார்கள், பிறகு அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்தக் கால்தடங்களை மறந்துவிட்டால், அங்குள்ள மீன் ஏன் ஒரு தீவைச் சுற்றிக் கொழுத்தும் அடுத்த தீவைச் சுற்றி இளைத்தும் இருக்கிறது என்பதைக்கூட நம்மால் புரிந்துகொள்ள முடியாது.

நிலவியலிலிருந்து தொடங்குகிறேன், கட்டுரை அதை இரண்டு வரிகளில் முடித்துவிட்டது. சாகோஸ், மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டைத் தாண்டி இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து டியாகோ கார்சியா வரை நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வரும். தொலைவு அவ்வளவு இருந்தாலும் கடலடியில் அது நமக்கு அந்நியமான இடமில்லை. இன்று ரியூனியன் தீவின் கீழே இருக்கும் வெப்பப் புள்ளி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக் குழம்பைக் கொட்டியது. இந்தியத் தட்டு அதன்மேல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போக, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று வரிசையாக எரிமலை மேடுகள் எழுந்தன. மேடுகள் குளிர்ந்து மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அமிழும் வேகத்துக்கு ஈடாகப் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. ஆக, லட்சத்தீவையும் சாகோஸையும் ஒரே மலைத்தொடரின் இரு முனைகள் என்றே சொல்லலாம். இடையில் இருப்பது மாலத்தீவு. அந்த மக்களின் மொழியிலிருந்து வந்த சொல்தான், வளையமாக அமையும் பவளத் தீவுக்கு உலகமெங்கும் வழங்கும் ‘அடோல்’.

சாகோஸில் பெரிதும் சிறிதுமாக 60 தீவுகள் வரை உண்டு. அத்தனையையும் ஒன்றுசேர்த்தாலும் நிலம் சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அதிலும் ஏறக்குறையப் பாதி டியாகோ கார்சியா. பல இடங்களில் தரை கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர்கூட மேலே இல்லை. வடக்கே பெரோஸ் பான்யோஸ், சாலமன் ஆகிய வளையங்கள், தென்மேற்கே எக்மான்ட், தெற்கே, நடுவில் காயலைக் கட்டிக்கொண்டு ஒரு கால்தடத்தைப் போல வளைந்து கிடக்கும் டியாகோ கார்சியா. இவற்றுக்கு நடுவே இருக்கிறது பெரும் சாகோஸ் திட்டு. நம் முத்துக்குளிப்பவர்கள் ‘பார்’ என்று சொல்வார்களே, அப்படியொரு கடலடி மேடு. ஆனால் அதன் பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உலகின் மிகப் பெரிய அடோல் அமைப்பு என்று அதைச் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய வளையத்தில் தலைகாட்டும் தீவுகள் எட்டே எட்டு. மற்றதெல்லாம் நீருக்கடியில். பவளத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்ற விளக்கத்தை 1842-இல் வெளியிட்ட சார்லஸ் டார்வின், சாகோஸுக்குப் போகாமலேயே, கப்பல் தலைவர் மோர்ஸ்பியின் அளவீடுகளை வைத்துக்கொண்டு, மூழ்கிப்போன அடோலுக்கு இந்தத் திட்டை எடுத்துக்காட்டினார். கட்டுரையோடு அச்சான வரைபடத்தில் இந்தத் திட்டே இல்லை.

இனி மனிதர்களுக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மொரீஷியஸிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இத்தீவுகளில் தென்னந்தோப்புகளைத் தொடங்கினார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களும் போனார்கள். இவர்களின் வழிவந்தவர்களே சாகோஸியர்கள். தனக்கென ஒரு கிரியோல் மொழியும் தேவாலயங்களும் இடுகாடுகளும் கொண்ட ஒரு சமூகம். அவர்களின் வாழ்வு தேங்காய் உரிப்பதிலும் கொப்பரை காயவைப்பதிலும் எண்ணெய் ஆட்டுவதிலும் கழிந்தது. (கொப்பரை என்ற சொல்லே நம் கரைகளிலிருந்து ஐரோப்பியர் எடுத்துப்போனதுதான்.) செக்கிழுத்த கழுதைகளின் சந்ததி இன்றும் டியாகோ கார்சியாவில் காட்டுக்கழுதைகளாகத் திரிகிறது. 1965 நவம்பரில், தன் ஆட்சியிலிருந்து மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு முன்னதாகவே, 30 லட்சம் பவுண்டு கொடுத்துத் தீவுக்கூட்டத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டது பிரிட்டன். 1967-க்கும் 1973-க்கும் இடையில் அங்கிருந்த 1,500 முதல் 2,000 பேர் வரை படிப்படியாக மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை விஷப்புகையிட்டுக் கொன்றார்கள். டியாகோ கார்சியாவில் அமைந்த அமெரிக்கப் படைத்தளத்தின் ஓடுபாதைக்கும் துறைமுகத்துக்கும் காயலின் பவளத்தைத் தோண்டி எடுத்து நிரப்பினார்கள். ‘கால்படாத’ என்று எழுதும்போது இவ்வளவும் ஒரே சொல்லில் அழிந்துபோகிறது.

உயிரியல் நோக்கிலும் அந்தச் சொல் தவறு. அதை விளக்க எலிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டக்காரர்களின் கப்பல்களில் எலிகளும் வந்து இறங்கின. தோப்பு போடுவதற்காகப் புன்னை உள்ளிட்ட பூர்வீக மரங்களை வெட்டித் தென்னையை நட்டார்கள். தோட்டங்கள் கைவிடப்பட்ட பிறகு அது பறிப்பார் இல்லாமல், விழுந்த காய் விழுந்த இடத்திலேயே முளைத்து, உள்ளே நுழைய முடியாத தென்னங்காடாகிவிட்டது. கடற்பறவைகள் இத்தகைய காட்டை விரும்புவதில்லை. தரையில் கூடு கட்டுபவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் எலிகள் தின்றுவிடுகின்றன. சில தீவுகளுக்கு மட்டும் எலி போய்ச் சேரவில்லை. அங்கே ஆலாக்களும் சிவந்த காலுடைய பூபிகளும் இன்னும் ஆயிரக்கணக்கில் அடைகின்றன. எலி உள்ள ஆறு தீவுகளையும் இல்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. எலியில்லாத தீவுகளில் பறவை அடர்த்தி 760 மடங்கு அதிகம். பறவைகள் நடுக்கடலில் மீனைப் பிடித்துத் தின்று, தீவில் வந்து எச்சமிடுகின்றன. அதிலுள்ள நைட்ரஜன் மண்ணில் சேர்ந்து, மழைநீரில் கரைந்து, பவளப்பாறைக்கு இறங்குகிறது. மண்ணில், கடற்பாசியில், பாசியை மேயும் சிறு மீனின் தசையில் என்று ஒவ்வொரு படியிலும் அந்த நைட்ரஜனின் அடையாளத்தை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எலியில்லாத தீவுகளை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு கூடுதலாக இருந்தது; அதே இனச் சிறுமீன் வேகமாக வளர்ந்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொப்பரைக் கப்பலிலிருந்து இறங்கிய எலி இன்று நீருக்கடியிலுள்ள கிளிமீனின் தீனியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்த இடத்தை எப்படிக் கால்படாதது என்பது? அதைவிட முக்கியமாக, தொடாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு என்ற எண்ணமும் இங்கே செல்லாது. எலியை ஒழிக்க ஆள் வேண்டும். தென்னையை அகற்றிப் பூர்வீக மரங்களை மீண்டும் வளர்க்க ஆள் வேண்டும். அந்த வேலை நடக்காத தீவுகள், மனிதர் இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் கிடந்தும், தாமாக மீளவில்லை.

கடலுக்குள் நிலைமை வேறு. அதை மறுக்கவே முடியாது. 220-க்குக் குறையாத பவள இனங்களும், 800-ஐ நெருங்கும் மீன் இனங்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. மீன்பிடிப்பு மிகக் குறைவாக இருந்ததால், மற்ற இந்தியப் பெருங்கடல் பாறைகளோடு ஒப்பிட்டால் மீன்களின் திரள் பன்மடங்கு அதிகம். எக்மான்ட் வளையத்தில் யானைத் திருக்கைகள் கூட்டமாக மேய வருகின்றன. கரையில், நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே மிகப் பெரியதான தென்னை நண்டு. கட்டுரையில் வந்த சாகோஸ் மூளைப் பவளத்தின் படம் அழகானது. ஆனால் ஏறக்குறைய இங்கு மட்டுமே வாழும் அந்த இனம், 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து வந்த கடல் வெப்பத்துக்குப் பிறகு தேடினாலும் கிடைப்பது அரிது என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 1998-இல் வந்த வெப்பத்திலும் இப்பாறைகளின் பவளம் பெருமளவில் வெளுத்து மடிந்தது. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவை தேறிவந்தன. கழிவுநீர், மண்ணரிப்பு, மீன்பிடிப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலான பாறைகளில் இல்லாததால் இது கைகூடியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுத்த வெப்ப அலை வருவதற்குள் இன்னொரு பத்தாண்டு கிடைக்குமா என்பதே இப்போதைய கவலை. எந்தச் சரணாலய எல்லையும் வெந்நீரைத் தடுக்காது.

ஆமைகளைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிதான் எழுதியது. எனக்கோ சாகோஸில் மிகவும் வியப்பூட்டுபவை அவைதான். பேராமையும் அழுங்காமையும் அங்கே முட்டையிடுகின்றன. இறைச்சிக்காகவும் ஓட்டுக்காகவும் இரண்டு நூற்றாண்டுகள் வேட்டையாடப்பட்டு, சட்டப் பாதுகாப்பு வந்தபின் மெல்லப் பெருகியவை. 2011 முதல் 2018 வரை கண்காணித்ததில், ஆண்டுக்குச் சுமார் 20,500 பேராமைக் கூடுகளும் 6,300 அழுங்காமைக் கூடுகளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதுகில் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்தபோது, டியாகோ கார்சியாவில் முட்டையிட்ட பேராமைகளில் பெரும்பாலானவை, இந்தக் கடலில் பிரிட்டன் வரைந்த சரணாலய எல்லையைக் கடந்தே போயின. ஒன்று, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீந்திச் சோமாலியக் கரையை அடைந்தது. அழுங்காமைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் 176 கிலோமீட்டரில் இருந்த இரைதேடும் இடத்தை அடைய ஓர் அழுங்காமை 1,306 கிலோமீட்டர் சுற்றியது. ஆமைக்குத் திசை பிசகாது என்று நாம் கேட்டு வளர்ந்த கதை அவ்வளவு துல்லியமானதல்ல போலிருக்கிறது. அதன் மனத்திலுள்ள வரைபடம் கொஞ்சம் மங்கலானதுதான்.

இந்தக் கடலை 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன், மீன்பிடிக்கத் தடையுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியாக, அதாவது சரணாலயமாக, அறிவித்தது. பரப்பு சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர். அன்றைய நிலையில் உலகிலேயே பெரியது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியோடு கடைசி மீன்பிடி உரிமங்களும் முடிந்தன. டியாகோ கார்சியாவும் அதைச் சுற்றிய மூன்று கடல்மைலும் மட்டும் தடையிலிருந்து விலக்கப்பட்டன. படைத்தளத்தில் இருப்பவர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போடலாம். அதே காயலில் பரம்பரையாக மீன்பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கரையில் இறங்கிக் குடியிருக்கக்கூட முடியாது. காயலில் நங்கூரமிட்ட கப்பல்கள் பல ஆண்டுகள் கழிவுநீரை அதிலேயே விட்டுவந்ததை 2014-இல் பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொண்டது. சரணாலயம் அமைந்தால் பழைய குடிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கை அடிபட்டுப்போகும் என்ற கணக்கு, 2010 இறுதியில் வெளியே கசிந்த அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்றில் வெளிப்படையாகவே இருந்தது. 2015 மார்ச்சில் கடல்சட்ட நடுவர் மன்றம், மொரீஷியஸின் உரிமைகளை உரியபடி மதிக்காமல் இந்த அறிவிப்பு செய்யப்பட்டதாகவும், அது ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையை மீறியது என்றும் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு தேவையா என்ற கேள்வியை அந்த மன்றம் தொடவில்லை. அறிவித்த முறையைத்தான் கண்டித்தது. இந்த வேறுபாடு கட்டுரையில் முற்றிலும் விடுபட்டிருக்கிறது.

மனிதர் திரும்பினால் கடல் கெடும் என்ற வாதத்தைக் கட்டுரையாளர் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டு எழுதுகிறார். அதற்கு ஒரே ஒரு தகவலைப் பதிலாக வைக்கிறேன். மீள்குடியேற்றம் வேண்டாம் என்று 2016 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தபோது கூறிய காரணங்கள் மூன்று: நடைமுறைச் சாத்தியம், படைத்துறைப் பாதுகாப்பு, வரி செலுத்துவோருக்கு ஆகும் செலவு. ஆமையும் பவளமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் படைத்தளத்தைத் தாங்கிக்கொண்டே டியாகோ கார்சியாவின் வெளிப்பாறைகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால், விதிகளுக்கு உட்பட்டு வடக்குத் தீவுகளில் வாழும் சில நூறு குடும்பங்களால் மட்டும் எல்லாம் அழிந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. அதே வேளையில், குடியேற்றம் எந்தச் சேதமும் செய்யாது என்று வாதிடவும் மாட்டேன். நன்னீர், கழிவு, படகுத்துறை ஒவ்வொன்றும் பவளத்துக்குப் பாரம்தான். எங்கே, எத்தனை பேர், எந்த விதியின்கீழ் என்று பேச வேண்டிய விஷயத்தை, மனிதரா மீனா என்ற பட்டிமன்றமாக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகம், தீவுக்கூட்டத்தின் இறையாண்மை மொரீஷியஸுக்கு என்றும், டியாகோ கார்சியா மட்டும் முதற்கட்டமாக 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனின் பொறுப்பில் என்றும், மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றும் உரிமை மொரீஷியஸுக்கு உண்டு என்றும் கூறுகிறது. கடல் பாதுகாப்பிலும் இரு நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு இடமில்லை என்று சாகோஸியர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தது நியாயமே. நாளை அங்கே ஒரு புதிய காவல் முறை வருமானால், எலி ஒழிப்பிலும் ஆமைக் கணக்கெடுப்பிலும் முதல் வேலைவாய்ப்பு அவர்களுக்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதில் நம் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சாகோஸ் கடலில் அத்துமீறி மீன்பிடித்ததாகப் பிடிபடும் படகுகளில் பெரும்பாலானவை இலங்கையிலிருந்து போனவை. கன்னியாகுமரிக் கரையின் ஆழ்கடல் மீனவர்கள் அங்கே தடுத்து வைக்கப்பட்ட செய்திகள் தங்கள் நாளிதழிலேயே வந்திருக்கின்றன. ஒரே நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து விடும் இந்தப் படகுகள் முக்கியமாகத் தேடுவது சூரையும் சுறாவும். சுறா, சில ஆண்டுகளில் ஆயிரமாயிரமாகப் பெருகும் மீன் அல்ல. முதிர்வதற்கே பல ஆண்டுகள் ஆகும், ஈனும் குட்டிகளும் சில. இவ்வளவு பெரிய பரப்பைக் காவல்காக்கப் பல ஆண்டுகள் இருந்தது ஒரே ஒரு ரோந்துக் கப்பல். நம் கரையருகே மீன் குறைந்ததால் வாரக்கணக்கில் தெற்கே போகும் மீனவரை நான் குற்றவாளியாக்கவில்லை. ஆனால் அவர் கைதாகும்போது குடும்பத்தின் கண்ணீரை மட்டும் எழுதும் நாம், அவர் எந்த எல்லைக்குள், எந்த மீனுக்காகப் போனார் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து புறப்படும் படகுக்காவது அது பயன்படும். இதைத் தங்கள் செய்தியாளர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதனுடன் ஒரு திருத்தக் குறிப்பும், பெரும் சாகோஸ் திட்டைக் காட்டும் புதிய வரைபடமும் வெளியிட வேண்டுகிறேன். அந்த வரைபடத்தில் படைத்தளம் எங்கே இருக்கிறது என்று குறிப்பதோடு, பெரோஸ் பான்யோஸிலும் சாலமனிலும் 1970-களின் தொடக்கம் வரை மக்கள் வாழ்ந்த ஊர்கள் எங்கே இருந்தன என்பதையும் புள்ளியிட்டுக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்